கழுவினால் ஓட்டை தெரியும்

மூடியைத் திறந்ததும் செல்லக்கண்ணு முதலில் மூக்கைத்தான் கொண்டுபோவார். கண்ணுக்கு வேலை அப்புறம்தான். ரேடியேட்டரின் வாய்க்கு ஒரு சாண் மேலே முகத்தை நிறுத்தி, ஆழமாக ஒருமுறை முகர்ந்துவிட்டு நிமிர்வார். பிறகு காரின் சொந்தக்காரரை மேலும் கீழும் பார்த்து, "தண்ணி மாத்தி நாலு வருசம் ஆச்சு. சரிதானே?" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கார்க்காரர் தலையைக் குனிந்துகொள்வார்.

சாலையில் போகும் கார்களையும் அவர் விடுவதில்லை. கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு டாக்சி கடந்து போனால் போதும், மூக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பும். "கொதிக்கப் போறான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கீழே வைப்பார்.

ஜாலான் புசார் சாலையில் இரும்புக் கடைகளின் பின்கதவுகள் திறக்கிற சந்தில், தகரக் கூரை போட்ட ஓர் இடம் அவருடையது. அவர் அதைப் பட்டறை என்பார். அவர் மனைவி ரத்தினம்மா சேற்றுக் கிடங்கு என்பார். மாடியில் அவர்கள் குடியிருக்கிறார்கள். எதிர்மாடி எங்களுடையது. பன்னிரண்டு வருடங்களாக எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிவதெல்லாம் அவருடைய வழுக்கைத் தலையும், யாராவது ஒருவருடைய காரின் திறந்த வாயும்தான்.

எஞ்சின், பிரேக், டயர் எதையும் தொடமாட்டார். "மத்ததை மத்தவங்க பாக்கட்டும் லா. நான் தண்ணி மட்டும்தான்." சூடாக வந்த காரையும் தொடமாட்டார். ஒரு காலத்தில் தொட்டதன் அடையாளம் வலது முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை பளபளக்கிறது. ஆறிய பிறகு, அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வடிகிற பழைய தண்ணீரைக் கயிறு கட்டிய பால் டின்னில் பிடித்து, கோப்பிக் கடையில் கோப்பி கட்டிக்கொடுப்பதைப் போலவே கார்க்காரரிடம் நீட்டுவார். தே-ஓ என்கிற பாலில்லாத் தேநீர் நிறமாக இருந்தால் கார்க்காரர் பொறுப்பான மனிதர். கோப்பி-ஓ, அதாவது கடுங்கோப்பி என்றால் சுமார். பால் கலந்த கோப்பியாக இருந்தால் தண்ணீரில் எண்ணெய் கலந்துவிட்டது என்று பொருள். அதற்கு அவரிடம் வைத்தியம் கிடையாது. இழவு வீட்டில் பேசுகிற குரலில், "பெரிய ஒர்க்‌ஷாப் போயிருங்க" என்று சொல்லி மூடியைப் போட்டுவிடுவார்.

வண்ணான் சோடாவைக் கரைத்து ஊற்றி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு வடிப்பார். பிறகு கீழ்க்குழாய் வழியாகத் தண்ணீரை மேல்நோக்கிப் பாய்ச்சுவார். துரு, செதில், ஒருமுறை ஒரு கரப்பான்பூச்சி, எல்லாம் வெளியே வரும். எப்போது நிறுத்துவது என்பதற்கு அவரிடம் ஒரு பத்துக்காசு இருக்கிறது. அதை டின்னின் அடியில் போட்டுத் தண்ணீரைப் பிடிப்பார். காசின் எழுத்தை வாசிக்க முடிகிறவரை கழுவல் ஓயாது. கடைசியாக ஊற்றுவது கூரையில் இருந்து பீப்பாயில் விழுந்த மழைத்தண்ணீர். குழாய்த் தண்ணீர் மனிதர்களுக்கு, மழைத்தண்ணீர் கார்களுக்கு என்பது அவர் சட்டம். அவர் வெளியே போன நேரத்தில் ரத்தினம்மா அதில் தலை அலசுவதை நான் பார்த்திருக்கிறேன், சொன்னதில்லை.

அந்த மழைத்தண்ணீரில் டப்பாவில் வருகிற பச்சை மருந்து ஒன்றைக் கலப்பார். "சீமையில தண்ணி உறையாம இருக்க ஊத்துறதாச்சே, நம்ம ஊர்ல எங்கண்ணே பனி பெய்யுது?" என்று யாராவது கேட்காத நாளில்லை. "பனிக்கு இல்லை லா, துருவுக்கு" என்று அவரும் சொல்லாத நாளில்லை.

வேலையைத் தொடங்கும் முன் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அழுக்குதான் சில ஓட்டையை அடைச்சு வச்சிருக்கும். கழுவினா ஓட்டை தெரியும். சம்மதமா?" மூன்று முறை கேட்பார். சந்தில் போகிற எவரையாவது நிறுத்திச் சாட்சியும் வைப்பார். இப்படிக் கேட்டால் வாடிக்கை எப்படிப் பெருகும்? சந்தின் மறுமுனையில் இருக்கும் தங்கராஜு எதையும் கேட்பதில்லை. ஒழுகுகிற ரேடியேட்டரில் மிளகுத்தூளைப் போட்டு மூடி அனுப்பிவிடுவார். தூள் ஊறிப் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். அவரிடம் எப்போதும் நாலு கார் நிற்கும். "அவன் கையில போன வண்டி புக்கித் தீமா மேடு ஏறினா, பின்னாடி வர்றவனுக்குச் சோத்துப் பசி எடுக்கும்" என்பார் செல்லக்கண்ணு. தங்கராஜுவுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ரசக்காரன்.

இந்த வருடச் சீனப் பெருநாளுக்கு மறுநாள், சனிக்கிழமை, கேலாங்கில் இருந்து மரியஅந்தோணி தம்முடைய சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. திங்கட்கிழமை காலை மாதா கோயிலில் அவர் மகள் அற்புதமேரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா மலாக்காவில் இருந்து பெரிய கார் கொண்டுவருவதாகச் சொன்னபோது, "என் மக என் கார்லதான் வந்து இறங்குவா" என்று மறுத்துவிட்டவர். அந்தக் கார் ஏழு வருடங்களில் ஒருநாளும் கொதித்ததில்லை. கோப்பிக் கடை வாசலில் அதை முகர்ந்துவிட்டு, "கஞ்சி வாடை வருது கிராணி சார். கோயில் வாசல்ல கொதிச்சா மானம் போயிரும்" என்று கிளப்பிவிட்டது செல்லக்கண்ணுதான்.

சம்மதமா என்று மூன்றாம் முறை கேட்டபோது அந்தோணி சிரித்தார். "பாதிரியார் கேக்குற மாதிரியே கேக்குறீங்களே அண்ணே. சம்மதம், சம்மதம்!" சாட்சி, ஜன்னலில் நின்ற நான்.

வந்தது கோப்பி-ஓகூட இல்லை, கேழ்வரகுக் கூழ். ஐந்து முறை அலசியதும் பத்துக்காசின் எழுத்து தெரிந்தது. அந்தோணிக்கும் வாசிக்கக் கொடுத்தார். பச்சைத் தண்ணீரை ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, குமிழி அடங்கக் காத்திருந்தபோது, காரின் அடியில் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. நல்ல பச்சை. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அவை சேர்ந்து ஓடத் தொடங்கின.

"என்னண்ணே இது?"

"ஓட்டை."

"வரும்போது இல்லையே!"

"இருந்துச்சு. அழுக்கு அடைச்சிருந்துச்சு. அதான் மூணு தடவை கேட்டேன்."

"நீங்க சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

ஓட்டைக்கு ஈயம் வைத்தால் ஒரு மணி நேர வேலை என்று சொல்லி அவரை ஜாலான் புசார் நெடுகிலும் அழைத்துப் போனார் செல்லக்கண்ணு. கடைகளெல்லாம் பலகை போட்டுக் கிடந்தன. கதவுகளில் சிவப்புத் தாள், தரையில் வெடித்த பட்டாசு. ஈயம் வைக்கிற சீனர் வீட்டுக்கு முந்தின நாள்தான் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு போய் வாழ்த்திவிட்டு வந்திருந்தார். அந்தச் சீனர் கடை ஒரு வாரம் திறக்காது என்பது மட்டும் செல்லக்கண்ணுவின் நினைவுக்கு வரவில்லை. டாக்சிகளையும் பெருநாளுக்கு முன்பே வேறு ஆட்கள் வாடகைக்குப் பேசி வைத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த அந்தோணி கவிழ்த்துப் போட்ட ஒரு பெயின்ட் டின்னில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டார். "மலாக்காக்காரங்க முன்னாடி நான் எப்படிண்ணே நிப்பேன்? அவங்க கார்லயே ஏத்தி அனுப்புன்னு பொண்டாட்டி அன்னிக்கே சொன்னா."

செய்தி சந்தின் மறுமுனைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? தங்கராஜு பல்குச்சியோடு வந்து குனிந்து பார்த்தார். "அடடா, என்ன அண்ணே, ரொம்பச் சுத்தமா கழுவிட்டீங்களோ?"

"வந்த வேலையைப் பாத்துட்டுப் போப்பா."

"பாத்துட்டேன் லா. நம்ம மருந்து போட்டா மாதா கோயில் என்ன, ஜொகூர் வரைக்கும் போகும். நான் போடட்டுமா?"

"என் பட்டறையில நீ கை வைக்கக் கூடாது."

"அப்ப நீங்க போடுங்க."

செல்லக்கண்ணு குனிந்து காரின் அடியைப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் சாக்கடையைத் தொட்டுவிட்டது. அப்போது மாடிப்படியில் ரத்தினம்மா இறங்கி வந்தார். கையில் இருந்த மிளகுத்தூள் டப்பாவைக் காரின் முன்மூக்கில் டக்கென்று வைத்தார். "நேத்து அரைச்சது. ரசத்துக்கு நாளைக்கு வேற அரைச்சுக்கிறேன். பொம்பளைப் புள்ள நடந்தா போகும் கோயிலுக்கு?"

டப்பாவைத் திறக்கச் செல்லக்கண்ணுவுக்கு வெகுநேரம் பிடித்தது. திறந்த பிறகு அதில் கரண்டியை விட்டபடி அப்படியே நின்றார். எவ்வளவு போடவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் ஏளனம் செய்த வைத்தியத்தின் அளவை அவர் விசாரித்ததே இல்லை.

"எவ்வளவு?" என்று கேட்டார், ரேடியேட்டரைப் பார்த்தபடி.

தங்கராஜு பல்குச்சியை வாயில் இருந்து எடுத்தார். சிரிக்கவில்லை. அதை நான் அவர் கணக்கில் ஒரு நல்ல குணமாக வைத்திருக்கிறேன். "ரெண்டு கரண்டி. தலைதட்டி" என்றார்.

பத்து நிமிடத்தில் சொட்டு நின்றது.

திங்கட்கிழமை காலை நாங்கள் எல்லோரும் மாதா கோயில் வாசலில் நின்றோம். செல்லக்கண்ணு வெளுத்த சட்டை போட்டு, மழைத்தண்ணீர் நிரப்பிய டின் ஒன்றை வேலி ஓரமாக ஒளித்து வைத்திருந்தார். அது தேவைப்படவில்லை. பூச்சரம் கட்டிய சாம்பல் நிறக் கார் சொன்ன நேரத்துக்கு வளைந்து திரும்பி, படியருகே நின்றது. அற்புதமேரி இறங்கினாள். மலாக்காக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தோணி ஓடிவந்து செல்லக்கண்ணுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கை இருந்தா உங்க கையா இருக்கணும்! ஒரு சொட்டு இல்லை!" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. மாப்பிள்ளையின் சித்தப்பா பட்டறை எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். செல்லக்கண்ணுவின் கழுவலை யாரும் இப்படி ஊரறியப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

"சமையல் பின்னாலயா நடக்குது? ரசம் கமகமங்குதே" என்றார் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள்.

காலியான கார் மெல்ல நகர்ந்து எங்களைக் கடந்து போனது. செல்லக்கண்ணு சட்டைப் பையில் இருந்து கைக்குட்டையை எடுத்து, மடிப்புக்கூடக் கலைக்காமல், மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.