முப்பத்தேழாவது கடலை

என் அம்மா ராசியில்லாதவள் என்று தீர்ப்பானது அவருடைய கல்யாணத்தன்று மாலை ஏழு மணிக்கு. கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் விருந்து நடந்துகொண்டிருந்தபோது, நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலின் முடிவு யாரோ ஒருவருடைய கைப்பேசிக்கு வந்திருக்கிறது. முதல் பரிசு பெரியப்பாவின் லோரி நம்பருக்கு. அப்பாவின் அண்ணனான அவர், தாம் முதன்முதலாக வாங்கிய லோரியின் நம்பரை ஒன்பது வருடமாக ஒரு குலுக்கல் விடாமல் எடுத்துவந்தவர். அன்றைக்குத் தம்பி கல்யாண வேலையில் கடைக்குப் போக மறந்துவிட்டார். மறந்த அந்த ஒரே நாளில் அது விழுந்து தொலைத்தது.

மறந்தவர் அவர். பழி மட்டும் மணமேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணின் மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எது கெட்டாலும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பந்திங் போகிற வழியில் பெரியப்பாவின் லோரி டயர் வெடித்தபோது, அம்மா செந்தூல் அடுக்குமாடி வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். இருந்தாலும் அன்று காலையில் பெரியப்பா எங்கள் வீட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டுத்தானே கிளம்பினார்? அது போதும். இதையெல்லாம் யாரும் சண்டையாகச் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். சிறுவயதில் என்னை வாயாடி என்பார்கள். வாயாடிதான். அந்த வீட்டில் யாராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

தீபாவளி தோறும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவோம். பெரியப்பா வீட்டில் காலையில் ஆட்டிறைச்சி, மத்தியானம் ரூலெட். எப்போதோ ஒரு பேரங்காடியில் வாங்கிய விளையாட்டுச் சக்கரம் அது. அகலத் தட்டு அளவில் கறுப்புப் பிளாஸ்டிக், சிவப்பும் கறுப்புமாக முப்பத்தாறு குழிகள், பச்சையில் ஒரே ஒரு பூஜ்யக் குழி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பந்து. அதனோடு எண்கள் அச்சடித்த ஒரு பச்சைத் துணி. காரைத் தெருவில் விட்டுவிட்டுக் கார் நிறுத்துமிடத்தில் மேசை போடுவார்கள். வீட்டிலிருந்த ஒரே கைப்பிடி நாற்காலியில் பெரியப்பா பேங்காக உட்காருவார். பந்தை விடுவது, தோற்றவர் காசை வழித்தெடுப்பது, ஜெயித்தவருக்குக் கொடுப்பது எல்லாம் அவர். மாலையில் அவர் டின்தான் நிறைந்திருக்கும். பெரியவனுக்கு ராசிக்கை என்று உறவுக்காரர்கள் வியப்பார்கள். ஏதாவது ஒரு வருடம் அவர் தோற்றால் அதற்கும் விளக்கம் இருந்தது. அந்த வருடம் தேநீர் கொண்டுவந்தது அம்மா.

எனக்குப் பத்து வயதான தீபாவளியன்று, பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சக்கரம் எங்கள் கைக்கு வந்தது. பெரியப்பா மகனான அண்ணன் பேங்க். ஆளுக்கு நாற்பது வறுத்த கடலை எண்ணிக் கொடுத்தான். ஓர் எண்ணின் மேல் ஒரு கடலை வைத்து அது விழுந்தால், வைத்த கடலையும் நமக்கு, மேற்கொண்டு முப்பத்தைந்தும் நமக்கு. எனக்குத் தோற்பது பிடிக்காது. ஆகவே எல்லா எண்களின் மேலும் ஒவ்வொரு கடலை வைத்தேன். பூஜ்யத்தையும் விடவில்லை. இனி எது விழுந்தாலும் நான்தான் ஜெயிப்பேன். அப்படியே ஒவ்வொரு முறையும் ஜெயித்தேன். கைதட்டித் தட்டி நான்கு சுற்று ஜெயித்த பிறகு பார்த்தால், எல்லா எண்ணுக்கும் வைக்க என்னிடம் ஒரு கடலை குறைந்தது.

அண்ணன் தின்றுவிட்டான் என்று சட்டையைப் பிடித்தேன். அவன் வாயைத் திறந்து நாக்கை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினான். முறுக்குதான் இருந்தது.

“எண்ணித்தான் கொடுத்தேன் லா. முப்பத்தஞ்சு, உன்னோடது ஒன்னு. சக்கர டப்பால அப்படித்தான் போட்டிருக்கு.”

மறுபடி எண்ணினேன். சக்கரத்துக் குழிகளை எண்ணினேன், துணியை எண்ணினேன். நான் வைத்தது முப்பத்தேழு, திரும்பி வந்தது முப்பத்தாறு. யாரும் திருடவில்லை, யாரும் தின்னவில்லை. இருந்தும் சுற்றுக்கு ஒரு கடலை பேங்க் பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. சிவப்பா கறுப்பா என்று வைத்தாலும் அதே கதைதான். பாதிக்குப் பாதி என்று நினைத்து எல்லோரும் வைக்கிறார்கள். பச்சைக் குழி ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அதில் பந்து விழுந்தால் சிவப்புக்காரனும் தோற்பான், கறுப்புக்காரனும் தோற்பான். என் பத்து வயது மூளைக்கு அது விளங்கியபோது காதெல்லாம் சூடேறியது. பெரியப்பா கையில் ஒரு ராசியும் இல்லை. அந்த நாற்காலியில் ஒரு பூனையை உட்கார வைத்தாலும் அது மாலைக்குள் பணக்காரப் பூனையாகிவிடும்.

இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். பெரியவர்கள் ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். அம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் என்ன தோன்றியதோ, கைப்பையிலிருந்து ஓர் ஐம்பது காசு நாணயத்தை, அதாவது அரை வெள்ளியை, எடுத்துச் சிவப்பில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரியப்பா சிரித்துக்கொண்டே அந்த நாணயத்தை விரல் நுனியால் மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

“உனக்கு எதுக்கும்மா இதெல்லாம். நீ இங்க நின்னா என் பந்து ஓடாது. உள்ள போ.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா தம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நாணயத்தை எடுத்து, அவருடைய அந்த லேசான சிரிப்பைச் சிரிக்கத் தொடங்கினார். அது முழுதாக வருவதற்குள் நான் கத்திவிட்டேன்.

“பெரியப்பாவுக்கு ராசியே கிடையாது. அந்த நாற்காலிக்குத்தான் ராசி. எங்கம்மாவ அதுல உட்கார வைங்க, அவங்களும் ஜெயிப்பாங்க.”

அப்பா என் பெயரைச் சொல்லி அதட்டினார். நான் நகரவில்லை. பெரியப்பாவுக்குக் கோபம் வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவருக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. எழுந்து, நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார்.

“சரி. நீங்க ரயிலுக்குக் கிளம்புற வரைக்கும் உங்கம்மா பேங்க். ஜெயிச்சா அந்தப் பேச்சையே இனிமே இந்த வீட்ல எடுக்க மாட்டோம். தோத்தா?”

“தோத்தா நானே எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன், எங்கம்மா ராசியில்லாதவங்கன்னு.”

கடலைக் கணக்கு என் பக்கம் இருந்தது. அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பெரியப்பாவின் டின்னைத் தொடவில்லை. காலியான முறுக்கு டின் ஒன்றில் தம் கைப்பையைக் கவிழ்த்தார். அந்த வாரச் செலவுக்கென்று வைத்திருந்த நோட்டுகளும் கொஞ்சம் சில்லறையும் விழுந்தன.

அம்மா செந்தூலில் ஒரு மளிகைக் கடையில் காசாளர். பந்தை விடுவதிலும் காசைக் கொடுப்பதிலும் கை தடுமாறவே இல்லை. ஆனால் பந்துதான் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. சிவப்பில் வைத்தவர்களுக்குச் சிவப்பு விழுந்தது, கறுப்பில் வைத்தால் கறுப்பு. பந்திங்கிலிருந்து வந்த அத்தை வீட்டு மாமா, சும்மா ஐம்பது காசைப் பதினேழின் மேல் வைத்தார். பதினேழே விழுந்தது. பதினேழரை வெள்ளியை அம்மா அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தபோது டின்னின் அடி தெரிந்தது.

நான் பச்சைக் குழியை முறைத்துக்கொண்டே நின்றேன். அது வர வேண்டும், வந்தே தீர வேண்டும், கணக்கு அப்படித்தான் சொல்கிறது. கடைசியில் ஒருமுறை வந்தது. அந்தச் சுற்றில் பெரியவர்கள் பலகாரம் எடுக்க எழுந்திருந்தார்கள். மேசையில் இருந்தது ஐந்து வயதுத் தம்பி ஒருவன் வைத்த பத்துக் காசு மட்டும். விதி விதிதான் என்று அம்மா அதை எடுத்து டின்னில் போட்டார். அவன் அழுதுகொண்டே உள்ளே ஓடினான். எனக்கும் அழுகை வந்தது, நான் அழவில்லை.

“என்னம்மா, போதுமா?” என்றார் பெரியப்பா.

“ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு” என்றேன் நான். அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பந்தைக் கையில் எடுத்தார்.

பெரியப்பாவுக்கு ஓர் உத்தி இருந்தது. சிவப்பில் ஒரு வெள்ளி வைப்பார். தோற்றால் இரண்டு, அதுவும் போனால் நான்கு. என்றைக்காவது சிவப்பு வந்தே தீரும், அப்போது விட்டதெல்லாம் திரும்பிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அன்று அதை வைத்து அதுவரை நன்றாகவே ஜெயித்துக்கொண்டிருந்தார். இப்போது ஒன்று வைத்தார், கறுப்பு. இரண்டு வைத்தார், கறுப்பு. நான்கு, எட்டு, பதினாறு, எல்லாம் கறுப்பு. மற்றவர்கள் வைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். அஞ்சு தடவை கறுப்பு விழுந்தாச்சு, இனிமே சிவப்பு வந்தே ஆகணும் என்று அவர் முப்பத்திரண்டு வெள்ளியை எடுத்து வைத்தார். பந்துக்கு முன்னால் விழுந்ததெல்லாம் ஞாபகம் இருக்குமா என்ன என்று நான் கேட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

சிவப்பு விழுந்தால் அம்மாவின் டின் கிட்டத்தட்டக் காலி. அம்மா டின்னுக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு பந்தை விட்டார்.

கறுப்பு.

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு மேல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நாங்கள் கிளம்பும்வரை சில்லறை ஆட்டம்தான் நடந்தது. எழும்போது அம்மாவிடம் கொண்டுவந்ததைவிட அதிகம் இருந்தது. பெரியம்மா வந்து அம்மாவின் கையில் ஒரு பலகாரப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு உள்ளே போனார். வீட்டுக்குத் திரும்பும் ரயிலில், ராசி என்று ஒன்று கிடையவே கிடையாது, பச்சைக் குழிதான் எல்லாம் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி நான் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். அப்பா அந்த முறுக்கு டின்னை மடியில் இரண்டு கைகளாலும் பிடித்தபடி செந்தூல் வரை வந்தார்.

பெரியப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தப் பேச்சு அந்த வீட்டில் பிறகு வரவில்லை. அடுத்த தீபாவளிக்குச் சக்கரமும் வரவில்லை, அச்சு உடைந்துவிட்டதாம். நான் நிரூபித்துவிட்டேன் என்று வெகு காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் புள்ளியியல் படித்தபோது, அந்த மத்தியானத்தைக் கணினியில் ஆயிரக்கணக்கான தடவை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். பச்சைக் குழி வேலை செய்யத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு நாள் கணக்கில் ஆட வேண்டும். ஒரே ஒரு மத்தியானம் என்றால், பத்தில் கிட்டத்தட்ட நான்கு தடவை பேங்க் தோற்றுத்தான் எழுந்தது. அன்றைக்கு அந்தக் குழி எங்களுக்குக் கொடுத்தது பத்துக் காசு. மீதியெல்லாம் ஆறு கறுப்பு, அதுவும் வரிசையாக. அம்மா அன்று ஜெயித்தது என் கணக்கினால் அல்ல, வெறும் அதிர்ஷ்டத்தினால். ராசியே இல்லை என்று உலகத்துக்கு அறிவித்த நான், பெரியப்பாவைவிடப் பெரிய சூதாட்டம் ஆடியிருக்கிறேன். அவர் வைத்தது முப்பத்திரண்டு வெள்ளி. நான் வைத்தது அம்மாவை.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போய், தம் கடைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதாக எண்ணம்.

“தெரியும்” என்றார், இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல். “அந்தப் பச்சைக் கோசோங் ஒரே தடவதான் விழுந்துச்சு, அதுவும் அந்தச் சின்னவன் பத்துக் காசுக்கு. நானும் எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“தோத்திருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியும்ல? அப்புறம் ஏம்மா உட்கார்ந்தீங்க?”

அம்மா சட்டையைத் திருப்பிப் போட்டார்.

“அன்னைக்கு வரைக்கும் பதினோரு வருஷமா அந்த வீட்ல என் பேர்ல ஒருத்தரும் ஒரு காசு பந்தயம் கட்டல. உங்கப்பாவும் கட்டல. நீதான் கட்டின. அப்ப நான் எந்திரிச்சு உள்ள போயிடுறதா?”

கடலையை எண்ணத் தெரிந்த அந்தப் பத்து வயதுக்காரிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் அதையேதான் கத்தியிருப்பாள்.