கொட்டாவி ஒட்டாத சூப்பர்வைசர்

முத்தியால்பேட்டைச் சின்னப்பாப்பாவுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் 1979இல் தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனி ஒன்றில், சோப்புக்குக் காகிதம் சுற்றிக்கொண்டே அவள் நடத்திய ஆராய்ச்சியைப் பெரிய படிப்புக்காரர்கள்கூட நடத்தியிருக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்கு மாட்டிய ஆள் சூப்பர்வைசர் ஜானகிராமன். கருவி, கொட்டாவி.

ஜானகிராமன் தேனொழுகப் பேசுவார். முதலாளி கமருஸ்ஸமானுக்கு ஸலாம், வாசல் காவலுக்கு இருந்த பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவுக்கு 'போன்ழூர் முசே', பெண்களுக்கு 'சாப்பிட்டீங்களாக்கா'. வேலை செய்த பன்னிரண்டு பெண்களிடமும் தனித்தனியாக, "உங்கள மட்டுந்தான் நம்புறேன், மத்தவங்க உங்களப் பத்தி என்ன பேசுறாங்க தெரியுமா" என்று ஓதிவைத்திருந்தார். அத்தனை பேரும் அவரிடம் மயங்கி, தங்களுக்குள் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தார்கள். சின்னப்பாப்பாவும் ஆறு மாதம் மயங்கித்தான் கிடந்தாள், பொய் சொல்வானேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையில் முதல் ஆளாக இருந்த கொளஞ்சி கொட்டாவி விட்டு, வாய்க்கு நேரே சொடக்குப் போட்டாள். அது வரிசையாக ஒவ்வொருத்தியிடமும் தொற்றிக்கொண்டு போய், முனையில் நின்ற ஜானகிராமனிடம் நின்றுபோனது. மனிதருக்கு ஒட்டவே இல்லை. சின்னப்பாப்பாவுக்கு மண்டையில் வண்டு குடைந்தது. மறுநாளிலிருந்து அவர் முகத்துக்கு நேரே விட ஆரம்பித்தாள். மூன்று வாரம், நாற்பது கொட்டாவி. ஒன்றுக்கும் அவர் அசையவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று புருஷன் முருகையனிடமும் விட்டுப் பார்த்தாள். அவர் பதிலுக்கு மூன்று விட்டார்.

கொட்டாவி ஒட்டாதவரெல்லாம் கெட்டவரா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். அப்படி உற்றுப் பார்த்ததில்தான் அவளுக்கு மற்றதும் கண்ணில் பட்டது. யாராவது அழுதால் ஜானகிராமன் முதலில் பக்கத்து ஆளைப் பார்ப்பார், பிறகுதான் தன் முகத்தைச் சோகமாக்குவார். அடப்பாவி, இவனுக்கு உள்ளே ஒன்றுமே இல்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த வாரமே அது தெரிந்துவிட்டது. லாரி வந்துவிட்டதென்று ஜானகிராமன் காயாத சோப்பை வெட்டச் சொன்னார். அத்தனையும் கோணிக்கொண்டு வீணாய்ப் போனது. பழியைத் தூக்கி, வெட்டிய ஜீனத்துன்னிசா தலையில் போட்டார். புருஷனை இழந்து, இரண்டு பெண்பிள்ளைகளை அந்த வேலையை நம்பி வளர்ப்பவள் அவள். சனிக்கிழமை விசாரித்துச் சீட்டைக் கிழிப்பதாக ஏற்பாடு. கண்ணால் பார்த்த பெண்கள் ஒருத்தியும் பேசவில்லை. சார் ஆளுக்கொரு விதத்தில் வேண்டியவர் ஆயிற்றே.

சின்னப்பாப்பா முதலாளியிடம் போய் நின்றாள்.

"நம்ப சாருக்குக் கொட்டாவி ஒட்ட மாட்டேங்குது மொதலாளி."

"அதுக்கு?"

"அவருக்கு மனசே இல்ல மொதலாளி. ஜீனத்து மேல தப்பே கெடையாது."

"போம்மா, போய் வேலையப் பாரு" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

இவள் ஒருத்தி சொல்லி எடுபடாது என்று தெரிந்ததும் நேரே கொளஞ்சியிடம் போனாள். "யாருகிட்டயும் சொல்லிடாத. கொட்டாவி ஒட்டாத ஆளு சரியில்லாத ஆளாம். மொதலாளி சாரு மேலதான் கண்ணு வெச்சிருக்காரு" என்று கூசாமல் அளந்துவிட்டாள். கொளஞ்சி காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் ஜானகிராமன் காதுக்குப் போய்விட்டது. மறுநாளிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் அவரும் திறந்தார், சொடக்கோடு.

சனிக்கிழமை எல்லோரும் முதலாளி அறையில் நின்றார்கள். "இந்த வேலையும் போச்சுன்னா எம் பொண்ணுங்கள நான் என்ன பண்ணுவேன் மொதலாளி" என்று ஜீனத்துன்னிசா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். முதலாளிக்கே கண் கலங்கியது. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்ற சின்னப்பாப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு ஜானகிராமனைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

அவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. தேம்புகிறவள் முன்னால் அகலமாய் ஒரு கொட்டாவி விட்டு, இரண்டு சொடக்கும் போட்டார்.

ஒவ்வொரு பெண்ணும் அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். முதலாளி மெதுவாகக் கேட்டார்: "காயாத சோப்ப வெட்டச் சொன்னது யாரு?"

"சார்தான் மொதலாளி" என்று கொளஞ்சி ஜீனத்துன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க அத்தன பேரும் பாத்துக்கினுதான் இருந்தோம்."