ஏலக்காரர் லரூசியின் தொண்டை

மஹ்தியா துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் லரூசி குரல் கொடுத்தால், கோட்டைக்குப் பின்னால் உள்ள வீட்டு மாடிகளுக்கும் கேட்கும். இருபத்தொன்பது ஆண்டுகள் அவர்தான் அங்கே ஏலக்காரர். ஒலிபெருக்கி வாங்கித் தருவதாக மீனவர் சங்கம் சொன்னபோது, குரல் இல்லாதவன் வந்தால் அவனுக்குக் கொடுங்கள் என்று சிரித்தவர்.

அறுபத்து மூன்றாம் வயதில் அவருடைய புரோஸ்டேட் சுரப்பியில் புற்று கண்டு அதை அறுத்தெடுத்தார்கள். புற்று போயிற்று, கூடவே சிறுநீரை அடக்கும் பிடியும் போயிற்று. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. இருமினால், பெட்டியைத் தூக்கினால், குரலை உயர்த்தினால் சொட்டும். ஏலக்காரர் குரலை உயர்த்தாமல் எப்படி?

மீன் கூடத்தில் நனையாதவர் யாரும் இல்லை. தரையெல்லாம் பனிக்கட்டி உருகிய நீர், எல்லாருக்கும் ரப்பர் அங்கி, நீள பூட்ஸ். அதனால் யாருக்கும் தெரியாது. லரூசிக்குத் தெரியும். ஒரு வாரம் கத்திப் பார்த்துவிட்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரல் போய்விட்டது என்று கிசுகிசுத்தார். ஏலம் அவருடைய தங்கை மகன் மிக்தாதிடம் போயிற்று. லரூசி தராசுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டுக்கொண்டார்.

ஆனால் மஹ்தியாவில் தொண்டை சரியில்லை என்று வாயைத் திறந்து சொல்லக் கூடாது. மறுநாளே ஆளுக்கொரு மருந்தோடு வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஃபர்ஜானி ஒரு பெரிய ஜாடியோடு வந்தார்.

"எங்கம்மா வைத்தியம். காஞ்ச அத்திப்பழம், ஆலிவ் எண்ணெயில ஊறினது. வெறும் வயித்துல மூணு தின்னு. கல்யாண வீட்டுப் பாட்டுக்காரி தோத்துப் போயிருவா."

லரூசி தின்றார். வயிறுதான் பெருத்தது. மிக்தாத் ஏலம் கூவும் பெட்டி மேல் ஏறும்போதெல்லாம் ஃபர்ஜானி விட மாட்டார்: "தம்பி, மீனுக்கு வெல சொல்றியா, மன்னிப்பு கேக்குறியா?"

லரூசி வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினார். மகள் வீட்டுப் புது சோபாவில் உட்கார மறுத்து நின்றுகொண்டே தேநீர் குடித்தார். உறிஞ்சு பஞ்சுகளை அவர் மனைவி ஹல்லூமா ரயிலேறி மொனஸ்தீருக்குப் போய் வாங்கி வந்தாள். உள்ளூர் மருந்துக்கடைக்காரர் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன்.

"யாருக்குன்னு கேட்டா என்ன சொல்றே?"

"மாமியாருக்குன்னு."

"எங்கம்மா செத்து பதினோரு வருஷமாச்சே."

"அதான் சொன்னேன். அவங்க வந்து இல்லைன்னு சொல்லப் போறதில்ல."

சூஸ் நகரத்து மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் லரூசி, எல்லாம் நலம் என்றுதான் சொல்லி வந்தார். இரண்டாம் ஆண்டு கூடவே போன ஹல்லூமா, "பொய்யி டாக்டர். இந்த மனுஷன் தும்மல் வந்தாக்கூட சுவத்தைப் பிடிச்சுக்கிறாரு" என்று போட்டு உடைத்தாள். அப்படித்தான் அறுவை செய்து ஒரு சாதனத்தை அவர் உடலுக்குள் வைத்தார்கள்: சிறுநீர்க் குழாயைச் சுற்றி நீர் நிரம்பிய ஒரு வளையம், அடிவயிற்றில் சின்ன பலூன், விதைப்பைக்குள் பாதாம் அளவில் ஒரு பம்பு. புண் ஆறட்டும் என்று ஆறு வாரம் அதை வேலை செய்யாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு மருத்துவர் முடுக்கிவிட்டார்.

"போகணும்னா பம்பை அமுக்குங்க, வளையம் திறக்கும். முடிஞ்சதும் நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ரெண்டு மூணு நிமிஷத்துல தானா மூடிக்கும். இந்த அட்டை எப்பவும் பையில இருக்கட்டும். எந்த ஆஸ்பத்திரியிலயும் குழாய் போடுறதுக்கு முன்னாடி இதைக் காட்டணும்."

அந்த வியாழக்கிழமை லரூசி தொண்டை தேறிவிட்டதாக அறிவித்தார். மீன் கூடத்தில் ஒரே கழிப்பறை. படகு வந்து முதல் மீன்பெட்டி தரையைத் தொட்டதும் ஏலக்காரர் தன் பெட்டி மேல் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். லரூசி உள்ளே இருந்தபோதே படகு வந்துவிட்டது. ஃபர்ஜானி கதவைத் தட்டினார்.

"உள்ள குடித்தனமே வெச்சுட்டியா?"

லரூசி கால்சட்டையை இழுத்துக்கொண்டு ஓடிவந்து பெட்டி மேல் ஏறி, "நபி மேல ஸலவாத் சொல்லுங்க" என்று ஏலத்தைத் தொடங்கும் வழக்கமான வாழ்த்துக்குக் குரலெடுத்தார். கூட்டம் ஸலவாத் சொல்லி முடிப்பதற்குள் தொடையில் சூடு இறங்கியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"அத்திப்பழத்தை நிறுத்திட்டியா?" என்றார் ஃபர்ஜானி. அந்தக் கேள்வியில் கேலி இல்லை, கவலைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்த லரூசி நெடுநேரம் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.

"அது வேலை செய்யல. கத்தி பட்டதுதான் மிச்சம்."

ஹல்லூமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே?"

"மேல ஏறுறதுக்கு முன்னாடி."

"முடிச்சிட்டு எவ்வளவு நேரம் நின்னே?"

"எங்க நிக்க? அந்த ஃபர்ஜானி கதவை உடைக்கிறான்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி மனுஷா. மூடிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும்னாரே. ஒண்ணும் செய்ய வேண்டாம்னதோட நீ காதை மூடிக்கிட்டியா? திறந்த கதவோட போய்க் கத்தியிருக்கே. அது என்ன பண்ணும் பாவம்?"

லரூசி சிரிக்கவில்லை. "இனி அந்தப் பெட்டி மேல ஏற மாட்டேன்."

"ஏறாதே. ஆனா முடிச்சதும் நின்னு, தொழுகைக்கு ஒளு செய்யற மாதிரி நிதானமா கை, முகம், காலெல்லாம் கழுவு. அதுக்குள்ள மூடிக்கும்."

அவள் சொன்னபடியே சில நாள் செய்தார். படியேறிப் பார்த்தார், இருமிப் பார்த்தார். கத்தி மட்டும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை துறைமுகத்துப் பள்ளிவாசலில் நிதானமாகச் சிறுநீர் கழித்து, ஒளு செய்து, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் கூடத்துக்குப் போனார். அன்று களவா வந்திருந்தது. பெட்டிக்குள் அடங்காத மீன்கள். மிக்தாத் இரண்டு முறை விலை கூவியும் பின்வரிசைக்கு எட்டவில்லை.

"தம்பி, மீனே உன்னைவிட சத்தமாக் கத்தும்" என்றார் ஃபர்ஜானி.

லரூசி எழுந்தார். மிக்தாத் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வழிவிட்டான்.

"ஏறுங்க மாமா."

"நபி மேல ஸலவாத் சொல்லுங்க!"

கூட்டம் திரும்பியது. லரூசி அங்கி மேல் கையை வைத்தபடி ஒரு கணம் நின்றார். காலில் எந்தச் சூடும் இறங்கவில்லை. பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"களவா! இன்னிக்கு விடிய வந்த களவா!"

கடைசி மீன் விற்கும்வரை அவர் இறங்கவில்லை. ஃபர்ஜானி தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும், "மூணு அத்திப்பழம், வெறும் வயித்துல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். லரூசி மறுக்கவில்லை.

ஒரு களவாத் தலையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுப்பில் குஸ்குஸ் ரவை ஆவியில் வெந்துகொண்டிருந்தது. களவாவுக்கு மட்டும் ஹல்லூமா சேர்க்கும் சீமை மாதுளம்பழம் தோல் சீவித் தட்டில் இருந்தது.

"தலை கொண்டாந்தியா?" என்றாள் திரும்பாமலே.

"களவான்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீதான் சொன்னே. மாடியில துணி காயப்போட்டுட்டிருந்தேன்."

அவர் பையைக் கீழே வைத்தார். அவள் மீனைக் கழுவக் குழாயைத் திறந்தாள்.

"ரெண்டு வருஷமா என்ன மீன் வருதுன்னே தெரியாம சமைச்சுக்கிட்டிருந்தேன், மனுஷா" என்றாள்.