முகமில்லாத பெண்கள்

வேலாத்தாள் ஆர்.எஸ்.புரத்துப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாமல், மாடி அறை ஒன்றில் தனியாக வசித்தாள். வகுப்பில் மயிலும் ரோஜாவும் சொல்லிக்கொடுப்பாள். வீட்டில் வரைவது வேறு. வேலை முடிந்து விசைத்தறிக் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பெண்கள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சு நிறத் தீற்றல் மட்டும்.

“ஏனம்மணி, ஒரு முருகன் படம் வரைஞ்சா ஆகாதா?” என்பார்கள் வரும் சொந்தக்காரர்கள். பிறகு வருவதையும் குறைத்துக்கொண்டார்கள்.

1994இல், மாணவி ஒருத்தியின் அப்பாவான டாக்டர் லட்சுமணசாமி அவள் அறைக்கு வந்தபோது அப்படியொரு படத்தைப் பார்த்தார். “இது நம்ம கிளினிக்குல இருக்கட்டுங்க” என்று கேட்டு வாங்கிப்போனார். தன் படம் முதன்முதலாக இன்னொருவர் சுவரில் தொங்குகிறது என்ற நினைப்பே வேலாத்தாளுக்குப் போதுமானதாக இருந்தது.

சில நாள் கழித்து நோயாளிபோல அங்கே போய் உட்கார்ந்தாள். ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த அம்மாள் குனிந்து சொன்னாள்:

“இதென்ன கண்ணு, மூஞ்சியில்லாத பொம்பளைங்க? பாக்கவே முடியல.”

“புடிக்கலீங்களா?”

“புடிக்கறது கெடக்குது. ஊட்டுக்குப் போனாலும் கண்ணுக்குள்ளயே நிக்குது.”

அடுத்த மாதம் டாக்டர் தயங்கித் தயங்கிப் பேசினார். “டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. வர்றவங்க சங்கடப்படறாங்க. ஒரு நீர்வீழ்ச்சி வரைஞ்சு குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்.”

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வரைந்து கொடுத்தாள். பழைய படத்தைக் காற்று பிடுங்காதபடி அணைத்துக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பினாள்.

மறுபடி ஒருநாள் போய் உட்கார்ந்தாள். பச்சை மலை, வெள்ளை அருவி. ஜனங்கள் செய்தித்தாளைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், டாக்டரின் கதவைப் பார்த்தார்கள். எதிரே இருந்த பெண்ணிடம் மெல்லக் கேட்டாள்: “அந்தப் படம் எப்படி இருக்குதுங்க?”

“எந்தப் படமுங்க?”

வெளியே வந்ததும் வேலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. முதல் படத்தையாவது அவர்கள் பார்த்தார்கள், பார்க்கமுடியாமல்தான் திரும்பிக்கொண்டார்கள். இதை உடனே யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. காந்திபுரம் போகும் டவுன் பஸ்கள் நிரம்பி வழிந்து போய்க்கொண்டிருந்தன. யாரிடம் சொல்வது என்று யோசித்தபடி நின்றாள். ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கோடை விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. அறையின் பாதியை அடைக்கும் அளவுக்குக் கேன்வாஸ் வாங்கி, தானே சட்டத்தில் இழுத்து ஆணி அடித்தாள்.