ஸ்பிரிட்டும் பவுடரும்: ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாள்

சென்ற ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்வந்தேன். நான் நர்சிங் கல்லூரி ஆசிரியை. பழக்கத்தால் செய்துவரும் வேலைகளை ஆய்வுகளோடு ஒப்பிட்டு மாற்றிக்கொள்ள, அங்குள்ள நர்சுகளுக்குப் பயிற்சி தரக் கூப்பிட்டிருந்தார்கள். இதே வேலையாக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து செங்கோட்டை ரயில். ஸ்ரீவில்லிபுத்தூர்தான் முதலில் வரும். ஆனால் தேர்த் திருவிழாவுக்காக அறைகள் நிரம்பிவிட்டதால் இராஜபாளையத்தில் தங்கினேன். லாட்ஜ் ஜன்னலுக்குப் பின்னால், அந்த வட்டாரத் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி காய்ந்துகொண்டிருந்தது. காலை எட்டரைக்கு டவுன் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர்தான், கூட்டத்தில் முக்கால் மணி நேரம் ஆனது. பர்ஸைத் திறந்தேன்.

"லேடீஸுக்குக் காசு கெடையாதுக்கா. உள்ள தள்ளி நில்லுங்க, அது போதும்" என்றார் கண்டக்டர்.

பயிற்சியில் முதலில் படுக்கைப்புண்ணை எடுத்துக்கொண்டேன். படுத்தே கிடப்பவர்களின் முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு அழுத்தித் தேய்ப்பது எங்கள் தலைமுறை படித்த பாடம். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே சதை இன்னும் நைந்துபோகலாம். பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதுதான் பாதுகாப்பு என்றேன்.

"தேய்க்கலைன்னா சொந்தக்காரவிய சும்மா இருப்பாவளா மேடம்? நர்சம்மா கையக் கட்டிட்டு நிக்கான்னு சொல்லுவாவ" என்றார் வார்டு பொறுப்பாளர் எஸ்தர் சிஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் பயிற்சி முடிந்து மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். எஸ்தர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எங்கம்மா எட்டு மாசம் படுக்கைல கெடந்தாவ. மூணு வேளையும் நாந்தான் தேய்ச்சேன். அசைச்சா வலிக்கிதுன்னு அழுவாவ, அதான் திருப்பாம விட்டுட்டேன். இடுப்புல புண்ணு எலும்பு வரைக்கும் போயிருச்சு. அப்ப அது என் கையாலயா மேடம்?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. காலையெல்லாம் ஆதாரம், ஆதாரம் என்று பேசிய வாய்.

"அதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம் சிஸ்டர். அன்னைக்கு நமக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

"சொல்லிக்கொடுத்தவியளுக்கு வலிக்கலையே."

மதுரைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த மூன்று மணி பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் முகம் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனார். விடைபெறப் போனபோது, ஒரு முதியவளின் கட்டிலருகே குனிந்து நின்று இன்னொரு நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த ஸ்பிரிட்டு பாட்டில அங்கிட்டு வையி ஏட்டி. ஒருக்களிச்சுப் போடு, நான் தலகாணி குடுக்கேன். மெள்ள. அழுதாலும் திருப்பு."

போகிறவர்களுக்கு: ஆடியில் இராஜபாளையத்தில் தங்குங்கள், பஸ் அடிக்கடி உண்டு. திரும்பி வர முன்கூட்டியே டிக்கெட் எடுக்காதீர்கள். எந்தப் பழக்கத்தை விடச் சொல்கிறோமோ, அதைத் தன் வீட்டில் அன்போடு செய்த ஒருவர் அந்த அறையில் இருக்கக்கூடும். எல்லோரும் எழுந்து போன பிறகுதான் அவர் கேட்பார்.