ஆடிக்கு முன்னால் ஒரு குடித்தனம்

ஆனி முடிய இரண்டு வாரம்கூட இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் மாடி போர்ஷன் காலி.

குடியிருந்த ஏட்டையா குடும்பம் டிரான்ஸ்ஃபரில் போய்விட்டது. இதற்கா இவ்வளவு பதற்றம் என்கிறீர்களா? ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஒரு மாத வாடகை போச்சு. வீட்டு லோன் தவணையே அந்த வாடகையில்தான் போகிறது.

என் கணவர் பட்டாளத்தில் இருக்கிறார். போனில் கேட்டால், “நீயே பாத்துச் செய்” என்றார். எனக்கு இதைவிடப் பயமான வாக்கியம் கிடையாது. ஒன்றைச் செய்து முடித்த பிறகும் செய்யலாமா என்று யோசிக்கிற ரகம் நான்.

கொத்தனார் வந்து பார்த்தார். சமையல்கட்டை மாடுலர் கிச்சனாக்கி, பாத்ரூம் டைல்ஸைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டால் வாடகையைக் கூட்டிக் கேட்கலாம் என்றார். மனக்கணக்குப் போட்டேன். கூடுகிற வாடகையில் அந்தச் செலவு திரும்பி வருவதற்குள் என் மகள் காலேஜுக்குப் போய்விடுவாள். அவளுக்கு இப்போது இரண்டு வயது.

சரி, வேலையாவது ஆடிக்குள் முடியுமா? கொத்தனார் சீலிங்கைப் பார்த்தார்.

ஒழுகும் குழாய்க்கு வாஷர், சுவருக்கு ஒரு கோட் பெயின்ட் — அதோடு நிறுத்தினேன். நிறுத்திய பிறகு... மாடுலர் செய்திருக்கலாமோ?

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். கணவர் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் வாத்தியார். மனைவிக்கு எங்கள் ஊர் மில் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. அவர் இடுப்பில் ஒரு பையன் — நடை போதாமல் ஓடப் பார்க்கிற வயது.

அந்தப் பெண் பெயின்ட்டைக் கவனிக்கவே இல்லை. நேராகப் பால்கனிக்குப் போனார். குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்துக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே விட்டுப் பார்த்தார்.

“இந்த இடுக்குல எம் பையன் தல போயிரும்க்கா.”

பொறவு சொல்லுதோம் என்று கிளம்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

அவர்கள் போனதும் என் மகளைத் தூக்கிக்கொண்டு அதே பால்கனியில் நின்றேன். இவள் தலையும் போகும். கொத்தனாரும் நானும் அங்கே நின்றுதான் அத்தனை நேரம் டைல்ஸ் பேசியிருக்கிறோம்.

மறுநாளே வெல்டிங் கடைக்காரரை வரவழைத்தேன். கம்பிகளோடு சேர்த்து இரும்பு வலை; மாடிப்படி உச்சியில் ஒரு சின்னக் கதவு. அரை நாள் வேலை. டைல்ஸ் செலவுக்கு முன்னால் இது கொசுறு.

போட்டோ எடுத்தேன். அனுப்பலாமா? கெஞ்சுகிற மாதிரி இருக்காதா? வேறு வீடு பார்த்திருந்தால்? டைப் செய்தேன், அழித்தேன். கடைசியில் போட்டோ மட்டும் போனது.

சாயங்காலமே வந்தார்கள். அந்தப் பெண் மகனை இறக்கிவிட்டார். அவன் வலையைப் பிடித்து முழுப் பலத்தோடு உலுக்கினான். அது அசையவில்லை.

“ஆடி பொறக்க முன்ன பால் காச்சிருதோம்க்கா.”

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். “சமையல்கட்ட பாக்கவே இல்லியே?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“அது எங்க போயிரப் போவுது? இவன்லா போயிருவான்.”

வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் நம் கண்ணுக்கு அழகாகத் தெரிவதில்தான் பணத்தைக் கொட்டுகிறோம். குடிவருகிறவர் எதைப் பார்த்துத் திரும்பிப் போகிறார்? அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் பெரிய செலவு ஆவதில்லை. கேட்பதற்குத்தான் நமக்கு வாய் வருவதில்லை.

ஆனியிலேயே பால் காய்ச்சி, பையனைப் பார்த்துக்கொள்ள அவன் பாட்டியையும் கூட்டிக்கொண்டு குடிவந்துவிட்டார்கள். இப்போது மத்தியானம் என் மகள் கண்ணயர்ந்ததும் மேலே தடதடவென்று ஓட்டம் ஆரம்பிக்கிறது. போய்ச் சொல்லலாமா என்று படியில் கால் வைத்து, திரும்பி வந்துவிட்டேன்.

சத்தமே போடாதது காலி வீடு மட்டும்தான்.