அரை லிட்டர் டாக்டரம்மா

"யாருப்பா மறுபடியும் ஆறுல வச்சது?"

தினமும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கால் வைத்ததும் மயக்க மருந்து டாக்டரம்மா கேட்கிற கேள்வி இது. மெஷினைக் கவனிக்கிற டெக்னீஷியனுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் கீழே ஏதாவது விழுந்திருக்கும். குனிந்து தேட ஆரம்பித்துவிடுவார்.

ஆறு என்றால் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் மருந்து கலந்த புது வாயு. மயங்கிக் கிடக்கிறவருக்கு அத்தனை எதற்கு? அவர் விடுகிற மூச்சு ஒரு டப்பாவில் இருக்கிற சுண்ணாம்புக் குருணை வழியாகப் போய், கெட்ட காற்றை அங்கே விட்டுவிட்டு, மருந்தோடு அவரிடமே திரும்பி வரும். முதலில் தாராளமாகத் திறந்துவிட்டு, ஆள் நன்றாக மயங்கியதும் அரை லிட்டருக்குக் குறைத்துவிடலாம். மானிட்டரில் ஆக்சிஜன் அளவை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆறிலேயே விட்டால் மிச்ச மருந்தெல்லாம் குழாய் வழியாக மொட்டை மாடிக்குப் போகும். காக்காய்க்கா ஆபரேஷன் பண்றோம் என்று டாக்டரம்மா கேட்பது அதனால்தான்.

'அரை லிட்டர்' என்று அவருக்குப் பெயர் வைத்தவர் சர்ஜன். கை சுத்தம், வாய் சுத்தமில்லை. மத்தியானம் ஆனால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். ஏசியைத் திட்டிக்கொண்டே மாத்திரை போடுவார். இந்தம்மாவின் கஞ்சத்தனத்தால் ஒருநாள் யாருக்காவது ஏதாவது ஆகப்போகிறது என்று சூப்பரின்டெண்டன்டிடம் போய் ஓதியும் விட்டார். இன்னொரு புகார் வந்தால் எல்லா அறையிலும் ஆறுதான், குறைக்கிற பேச்சே கூடாது என்று சூப்பரின்டெண்டன்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மாவின் வீட்டுக்காரரும் தன் பங்குக்குச் சொன்னார், ஊரோடு ஒத்துப்போகலாமே என்று. டாக்டரம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமே வந்தது வினை. ஒரு பித்தப்பை ஆபரேஷன். அரை லிட்டருக்குக் குறைத்த கொஞ்ச நேரத்தில், மெஷினில் ஏறி இறங்குகிற துருத்தி ஒவ்வொரு மூச்சுக்கும் தொய்ந்துகொண்டே வந்தது. அலாரம் அடித்தது. டாக்டரம்மா தாமதிக்காமல் ஆறுக்கே ஏற்றினார். துருத்தி நிமிர்ந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்ன மேடம், பாச்சா பலிக்கலையா?" என்றார் சர்ஜன், தைத்துக்கொண்டே.

அந்த ஆபரேஷன் முடிந்து நோயாளி கண் விழித்து வெளியே போனதும், அடுத்தவரை உள்ளே விட மாட்டேன் என்று டாக்டரம்மா நின்றுகொண்டார். புகார் பறந்தது. சூப்பரின்டெண்டன்டே வந்தார்.

டாக்டரம்மா ஆறில் வைத்துக் காட்டினார். துருத்தி ஜம்மென்று நின்றது. அரைக்கு இறக்கினார். தொங்கிப்போனது. சுண்ணாம்பு டப்பாவைக் கழற்றினார். ரப்பர் வளையத்தில் நாலைந்து குருணை ஒட்டிக்கொண்டிருந்தது. குருணையை மாற்றிக் கொட்டியவர் விளிம்பைத் துடைக்கவில்லை.

"குக்கர் ரப்பர்ல பருக்கை ஒட்டியிருந்தா, ரப்பரத் தொடைப்பீங்களா, அடுப்பக் கூட்டுவீங்களா? நீங்க இத்தன நாளா அடுப்பத்தான் சார் கூட்டிட்டிருக்கீங்க. ஆறுல வச்சா ஓட்டை தெரியாது. கசியறதெல்லாம் நம்ம மூக்குக்குத்தான்." சர்ஜன் பக்கம் திரும்பினார். "உங்க தலவலிக்கு இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஏசிய இனிமே திட்டாதீங்க."

டெக்னீஷியன் துடைத்து மாட்டினார். அரை லிட்டரிலேயே துருத்தி நிமிர்ந்து நின்றது.

தினமும் காலையில் கசிவு பார்த்துவிட்டு, உடம்பு இடம் கொடுக்கிற நோயாளிக்கெல்லாம் வாயுவைக் குறைத்தே தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. நாலு பேர் எதிரில் தன் தலையைப் பற்றிப் பேசியவரோடு வேலை செய்ய முடியாது என்று சர்ஜன் முறுக்கிக்கொள்ள, அவரை இழக்க மனசில்லாத சூப்பரின்டெண்டன்ட் டாக்டரம்மாவைத் தூக்கி, ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளைச் சோதிக்கிற அறையில் போட்டுவிட்டார். உள்ளே இப்போது அரை லிட்டர்தான் ஓடுகிறது. அதற்காகத் தொண்டை கிழியக் கத்தியவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். என்ன நியாயமோ!

தாழ்வாரக் கோடியில், ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குப் பக்கத்து அறை. சர்ஜன் அறை வாசலில் கூட்டம் அலைமோதும். இங்கே ஈ ஓட்டலாம். மயக்க டாக்டரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று ஜனங்களுக்கு நினைப்பு. உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே போய் அவரைப் பாருங்கள். ஆடுகிற பல், மூச்சிழுப்பு, வீட்டுக்குத் தெரியாமல் ஊதுகிற சிகரெட், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் போய்ப் பாருங்கள்.